நாலு நாடு கூடி ஒரு வீட்டுக்கு ஹீட்டிங் பார்த்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தென் லண்டனில் வீடு வீடாக ஏறி இறங்கி, இந்த வீட்டுக்கு எந்த ஹீட்டிங் பொருந்தும், எந்தக் கூலிங் பொருந்தும் என்று பார்த்துச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். இப்போது மிச்சமிருப்பது தேய்ந்த முழங்கால் இரண்டும் இந்த வாயும்தான். முழங்கால் உங்களுக்கு உதவாது. வாயைத் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் டேப்லட்டோடு வேலைக்கு வருகிறீர்கள். சுவரின் தடிப்பு, யன்னலின் அளவு, கூரைக்குள் சூட்டை மறிக்கிற பஞ்சு இருக்கிறதா இல்லையா என்று தட்டிக்கொண்டே போனால், இந்த வீட்டுக்கு இவ்வளவு வெப்பம் தேவை என்று அதுவே சொல்லிவிடும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தை மாதம், வெளியே உறைபனி கிடக்கிறது, குசினிக்குள் கருவாடு பொரிகிறது. மணம் கோட்டில் பிடித்துவிடும் என்று பின்கதவு அகலத் திறந்திருக்கிறது. மேலே இரண்டு யன்னலும் திறந்திருக்கின்றன. கோட்டுகள் எல்லாம் ஸிப் இழுத்து மூடிய பைகளுக்குள் மூச்சடங்கித் தொங்குகின்றன. அதே நேரம் முன்னறையில் ஐயா இடுப்பில் சாரத்தோடும் மேலே பெனியனோடும் இருக்கிறார், ஹீட்டிங் உச்சத்தில். தையில் சாரத்தோடு இருக்க முடியாவிட்டால் பிறகென்ன லண்டன் சீவியம் என்பது அவருடைய கட்சி. வீட்டோடு சேர்த்துத் தெருவையும் சூடாக்குகிற இந்தக் கணக்கைப் போட உங்கள் டேப்லட்டில் கட்டம் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இந்த ஊரின் காலநிலையும் லேசுப்பட்டதல்ல. கோட்டோடு வெளிக்கிட்டவன் கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்புகிற ஊர். வருடத்தில் முக்கால்வாசி ஈரக்குளிர். பிறகு ஒரு கிழமை வெயில் எறிக்கும். சுவர்ச் செங்கல் எல்லாம் அதைக் குடித்து வைத்துக்கொண்டு இரவிரவாகப் புழுக்கும். அந்தக் கிழமையில் எல்லோரும் ஏசி வேண்டும் என்று போன் அடிப்பார்கள். ஒரு மழை பெய்தால் அடுத்த நாள் நாங்கள் திருப்பி அடிக்கிற போனை எடுக்க மாட்டார்கள். "அப்ப அக்கா, எது நல்லது? தண்ணியைச் சுடவைச்சு அறை அறையா ரேடியேட்டருக்கு அனுப்புற இந்தப் பொயிலரோ, ஏசியோ, வெளிக்காத்தில இருந்து சூட்டை எடுத்து உள்ளுக்குத் தருமாம் ஹீட் பம்ப், அதுவோ?" என்று கேட்பார்கள். "ஆருக்கு நல்லது?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். "சுவரை அள, ஆளை அளக்காதே" என்பதுதான் அவருடைய வேதம். அதன்படி அவர் ஹீட்டிங் போட்டுக் கொடுத்த வீடுகளில் பாதிப்பேர் போர்வைக்குள் இருந்தார்கள், மற்றப் பாதிப்பேர் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர் எந்த வீட்டுக்கும் இரண்டாம் தரம் போகாதபடியால் கடைசிவரைக்கும் நிம்மதியாக இருந்தார்.

சரி, கதைக்கு வருகிறேன். கோலியர்ஸ் வுட்டில் சிவநேசன் அண்ணை வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன், யாரென்று கண்டுபிடிக்க மினக்கெட வேண்டாம். பெற்றோல் ஸ்டேஷன் நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த மனிதர். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி பவானியும் மட்டும்தான். குடும்பத்தில் அவர்தான் மூத்தவர். தம்பிமார் மூன்று பேரையும் அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவர் அவர். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் ஒஸ்லோவில், கடைக்குட்டி மெல்பேர்ணில். அந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை. அண்ணையின் வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மூன்று பேரும் மூன்று கண்டத்தில் இருந்து ஆலோசனை சொல்வார்கள்.

நான் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்த சிவநேசன் அண்ணை எனக்குப் பின்னால் தெருவில் நின்ற எங்கள் வேலை வானை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சினியர் வானுக்கை நிக்கிறாரோ, தங்கச்சி?"

"நான்தான் அண்ணை வந்தது."

"ஓ. நல்லது, நல்லது. அப்ப முதல் தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். இந்த வேலைக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கள். உங்களைப் பார்த்த அதிர்ச்சி தணிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவை.

அவருடைய முறைப்பாடு இதுதான். "ராவில நல்லா ஓடுற பொயிலர், விடியப் பாத்தா செத்துக் கிடக்கும். ரேடியேட்டர் எல்லாம் ஐஸ். போய்ப் பாத்தா ஒண்டும் நடக்காத மாதிரித் திரும்ப ஓடும். ஒரு மாசமா உந்த விளையாட்டுத்தான், தங்கச்சி."

எனக்கு முன்னமே மூன்று பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் உள்ளே இருந்த ஒரு பம்பை மாற்றினார். இரண்டாமவர் அந்தப் பம்பைக் குறை சொல்லிவிட்டுச் சுவரில் புதுத் தெர்மோஸ்டாட் பூட்டினார். மூன்றாமவர் எங்கள் ஆள். நெடுநேரம் பொயிலரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு ஒரு சாந்தி செய்து பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆர்ச்வே முருகனுக்கு ஒரு அர்ச்சனையும் ஆகிவிட்டது. பொயிலர் அசையவில்லை.

"உந்தச் சாமானே இனி வேண்டாம். உலகத்தில ஆகத் திறமான சிஸ்டம் எதுவோ, அதைப் போடுவம். காசைப் பற்றி யோசியாதேங்கோ."

அந்தக் கடைசி வசனத்தை எங்கள் சனத்தின் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே கிடையாது. எனக்குக் கொஞ்சம் பயம் பிடித்தது. "உங்களுக்கு அவ்வளவுக்குக் குளிருதோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, நான் சாரத்தோட இருக்கிறன்" என்றார். பிறகு கப்பைப் பார்த்துக்கொண்டு, "வீட்டில எல்லாருக்கும் சரியா இருக்க வேணும்தானே" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிமாரோடு வீடியோவில் கதைத்து முடிவெடுக்கப் போவதாகவும், அவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல நானும் வர வேண்டும் என்றும் சொன்னார். அந்த வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு பேர். ஹீட்டிங்கைத் தெரிவு செய்கிறவர்கள் நாலு நாடு.

வீட்டை அளந்துகொண்டு பின்பக்கம் குசினிக்குப் போனேன். பவானிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில், டொக்டர் எழுதிய மருந்தை எடுத்து எண்ணிப் பையில் கட்டிக் கொடுக்கிற வேலை. அவர் கையில்லாத சட்டையோடு மேசையடியில் இருந்து, ஒரு சுப்பர்மார்க்கட் விளம்பரத்தால் விசிறிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. நான் கோட்டைக் கழற்றாமலே நின்றேன், அவ்வளவு குளிர். கதவு திறந்திருந்தால் சமையல் நடக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். எட்டிப் பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. கதவோரம் ஒரு கதிரை, அதன்மேல் ஒரு தலையணை, மடித்து வைத்த ஒரு மெல்லிய துணி. குசினிக்குள் தலையணைக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே பொயிலர் இருந்த அலுமாரியைத் திறந்தேன்.

பொயிலரில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பக்கத்தில் சுவரில், அதற்கு மின்சாரம் போகிற வெள்ளைச் சுவிட்ச் இருந்தது. சுவிட்சில், நிப்பாட்டுகிற பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு விரல் அடையாளம். ஒரு நாள் பட்டது அல்ல, பட்டுப் பட்டு ஊறியது. மஞ்சள் தூள் கையால் தொட்டால்தான் அப்படி வரும். சிவநேசன் அண்ணையின் கையில் மஞ்சள் பட்டது கலியாணத்தன்று ஒருநாளாகத்தான் இருக்கும். முதல் வந்த மூன்று பேரும் பொயிலரின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், பக்கத்தில் இருந்த சுவிட்சை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் சுவிட்சைப் பார்த்தேன், பிறகு பவானியைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் நடைப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லிப்போடாதேங்கோ, அக்கா."

"ஏன் நிப்பாட்டுறியள்?"

"படுத்துக் கொஞ்ச நேரத்தில நெஞ்சுக்குள்ள இருந்து நெருப்பு ஏறுது. உடுப்பெல்லாம் தெப்பம். அதுக்குப் பிறகு நித்திரை இல்லை. இந்த மனுசன் ஹீட்டிங்கைக் கூட்டிக் கூட்டி வைக்குது. நான் இறங்கி வந்து நிப்பாட்டிப்போட்டு, கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு இதில இருக்கிறன். விடியமுன்னம் திரும்பப் போட்டுவிடுவன். சில நாளையில மறந்துபோவன்."

"டொக்டரிட்டப் போனனீங்களோ?"

"போனனான். குளிசை தந்தவ, கொஞ்சம் பரவாயில்லை. படுக்கிற அறை குளிர்மையா இருக்கட்டும் எண்டும் சொன்னவ. இந்த வீட்டில அது எப்பிடி நடக்கும்?"

"அண்ணையிட்டச் சொன்னால் என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தூஷணம் பேசிவிட்டதுபோல இருந்தது. "இதை எப்பிடி அக்கா ஆம்பிளையளிட்டச் சொல்லுறது? அவர் தம்பிமாருக்குச் சொல்லுவார். ரொறன்ரோவுக்குப் போயிடும்."

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. விளம்பரத்தாளை மேசையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "போன கிழமை ஒரு வயது போன ஆளுக்கு, வேற ஆளின்ர மருந்தைக் கட்டி வைச்சிட்டன் அக்கா. பார்மசிஸ்ட் பிள்ளை கண்டு எடுத்திட்டா. இது முதல்தரமும் இல்லை. இனியும் நடந்தால் என்னை அந்த வேலையில வைச்சிருக்க மாட்டினம். வைச்சிருக்கவும் கூடாது. அதைக் குடிச்சு அந்த மனுசன் செத்துப்போயிருந்தா நான் என்ன செய்வன்?" கண் நிறைந்துவிட்டது. "எனக்கு உலகத்தில திறமான சிஸ்டம் ஒண்டும் வேண்டாம். நித்திரை வேணும்."

இப்போது, டேப்லட் பிள்ளைகளே, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பொயிலர் நல்லாயிருக்கிறது என்று அண்ணையிடம் சொன்னால், அப்ப ஏன் நிற்கிறது என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் பவானியைக் காட்டிக் கொடுத்ததாகும். வாயை மூடிக்கொண்டு இருந்தால், தம்பிமார் சேர்ந்து கப்பல் மாதிரி ஒரு சாமானைத் தெரிவு செய்வார்கள்; அது அறைக்கு அறை சூட்டைக் கொண்டுவந்து கொட்டும்; நித்திரை இல்லாமல் நின்று பவானி இன்னொருவருடைய மருந்தை மாற்றிக் கட்டுவார். இதற்கு எந்த வகுப்பிலும் விடை இல்லை.

போதாக்குறைக்கு எங்கள் கொம்பனி டைரக்டர் போன் அடித்தார். வான் இரண்டு, வேலையாட்கள் ஐந்து பேர், ஆனால் அவர் டைரக்டர். சிவநேசன் அண்ணை ஏற்கெனவே அவரோடு கதைத்திருக்கிறார், மனிதர் கனவிலேயே கூரைக்குள் குழாய் போட்டு முடித்துவிட்டார்.

"அக்கா, பொயிலர் நல்லாயிருக்கு எண்டு மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ. கஸ்டமர் ஒரு நம்பிக்கையோட இருக்கேக்கை நாங்கள் குழப்பக்கூடாது."

இரண்டு நாள் யோசித்து நான் ஒரு பொய்யைத் தயாரித்தேன். எங்கள் சனம் தங்களுக்கென்று ஒரு நல்ல கட்டில் வாங்க மாட்டார்கள், ஆனால் விருந்தாளிக்கென்றால் சுவரையே இடிப்பார்கள். ஆகவே பின்னறையில் ஒரு சின்ன ஏசி. பெயர் விருந்தாளி அறை. கோடையில் மெல்பேர்ண் தம்பி வந்தால் படுக்க. தங்களுக்கு மரியாதை என்று தம்பிமார் மூன்று பேரும் ஓம் என்பார்கள். பிறகு பவானி முதுகு நோகுது என்று சொல்லிக்கொண்டு அங்கே போய்ப் படுக்கலாம். பொயிலருக்கு, உள்ளே ஏதோ ஒரு வயர் தளர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம். புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு அறையில் படுக்கிறார்கள் என்ற கதையும் எழும்பாது. சோக்கான பொய். இன்றைக்கும் அதில் ஒரு ஓட்டை எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் டேப்லட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சிவநேசன் அண்ணை மேலே இஸ்திரி போட்ட சேர்ட், கீழே சாரம். திரையில் ரொறன்ரோத் தம்பி நித்திரையால் எழும்பின முகத்தோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒஸ்லோ சாப்பிட்டு முடித்திருந்தார். மெல்பேர்ணில் இரவாகிவிட்டது, அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பவானி குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

ரொறன்ரோ முதலில் தொடங்கினார். போனை நிலத்துக்குக் கொண்டுபோய், அங்கே பதித்திருந்த ஒரு கம்பித் தட்டியைக் காட்டினார். "பாருங்கோ அண்ணை. நிலத்துக்குள்ளால காத்து வருது. குளிர் காலத்தில சூடு, வெயில் காலத்தில குளிர், எல்லாம் ஒரே குழாயால. உங்க லண்டனில இன்னும் உந்த ரேடியேட்டரில துவாய் காயப் போட்டுக்கொண்டு இருக்கிறியளே." காற்று வருவதை நிரூபிக்க மூக்குத் துடைக்கிற ரிஷ்யூத் தாள் ஒன்றையும் பறக்க விட்டார்.

இது ஒட்டி ஒட்டிக் கட்டின சின்ன வீடு, குழாய் போடுவதென்றால் உட்கூரையைத் தாழ்த்த வேண்டும், அண்ணை படியேறும்போது குனிந்துதான் ஏற வேண்டி வரும் என்று நான் சொன்னேன்.

"குனிஞ்சால் என்ன?" என்றார் ரொறன்ரோ.

ஒஸ்லோ தொண்டையைச் செருமினார். அவருடைய சுவரில் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது, கையில் ரிமோட். "குளிர் எண்டால் என்னெண்டு நோர்வேக்காரனுக்குத்தான் தெரியும். மற்ற ஆக்கள் சும்மா கதைக்கினம்."

"எங்களுக்குக் குளிர் தெரியாதோ? இஞ்ச மூக்கைத் தொட்டால் மூக்கு கையோட வரும்" என்றார் ரொறன்ரோ.

"இஞ்ச மூக்கைத் தொடவே வெளியில போகேலாது."

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ" என்றார் மெல்பேர்ண். "குளிரெல்லாம் முடிஞ்சுது. இனி வரப்போறது வெக்கை. லண்டனிலயும் வரும். ஏசியைப் போடுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்."

அவர்கள் யாரும் ஹீட்டிங் பற்றிக் கதைக்கவில்லை, தாங்கள் போன நாடுதான் திறமான நாடு என்று கதைத்தார்கள். சிவநேசன் அண்ணை எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பவானி தட்டத்தோடு வந்து வாசலில் நின்றார். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை. ரொறன்ரோ அந்த மத்தியானத்தில் கேட்ட ஒரேயொரு புத்தியான கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"அது சரி அக்கா, பழைய பொயிலரில என்ன பிழையெண்டு கண்டுபிடிச்சனீங்களோ? அது தெரியாமல் புதுசு போடேலாதுதானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தளர்ந்த வயர் என் நாக்கு நுனியில் நின்றது.

"பொயிலரில..." என்று நான் தொடங்கினேன்.

"பொயிலரில ஒரு பிழையும் இல்லை" என்றார் பவானி. "நான்தான் நிப்பாட்டுறனான்."

மெல்பேர்ண், "அண்ணி என்ன சொல்லுறா? லைன் கிளியரில்லை" என்றார்.

பவானி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு டேப்லட்டுக்கு முன்னால் வந்து நின்றார். "லைன் கிளியராத்தான் இருக்கு, தம்பி. எனக்கு மாதவிடாய் நிக்கிற காலம். ராவில உடம்பு எரியுது. மாசக்கணக்கா நித்திரை இல்லை. வேலையில ஆக்களுக்கு மருந்தை மாறிக் கட்டுறன். அதுதான் இறங்கி வந்து பொயிலரை நிப்பாட்டுறன். உங்கட சிஸ்டங்களையும் போடுங்கோ, அதுகளையும் நான் நிப்பாட்டுவன்."

ரொறன்ரோ கோப்பிக் கப்புக்குள் எதையோ தேடினார். ஒஸ்லோ தேவையில்லாமல் ரிமோட்டை அமத்தினார், அவருக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி பீப் என்றது. இனி யார் என்ன சொல்லப் போகிறார்களோ என்று நான் பயந்துகொண்டிருக்க, ஒஸ்லோவில் திரைக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல் வந்தது, அவருடைய மனைவி.

"அக்கா, எனக்கும் உதுதான். இவர் உங்களுக்குக் காட்டுற பெட்டியை ஏன் வாங்கினது எண்டு கேளுங்கோ. போன வருசம் நான் பனிக்குள்ள பல்கனியில போய் நிண்டனான். அதுக்குப் பிறகுதான் வாங்கினவர். அது இஞ்ச குளிராக்கத்தான் ஓடுது, சூடாக்க இல்லை."

"ரெண்டுக்கும்தான்..." என்றார் ஒஸ்லோ, நோர்வேயின் குளிரெல்லாம் குரலில் இருந்து போய்விட்டது.

ரொறன்ரோவின் மனைவி கணவனின் தோளுக்கு மேலால் தலையை நீட்டினார். "நான் பேஸ்மென்டில படுக்கிறன் அக்கா. இவர் ஆக்களிட்டச் சொல்லுறது, அவ கீழ இருந்து நாடகம் பாக்கிறா எண்டு. நான் ஒரு நாடகமும் பாக்கிறேல்லை."

மெல்பேர்ணின் மனைவி மற்றவர்களைவிட இளையவர். "எனக்கு இன்னும் வரேல்லை அக்கா. ஆனால் சொன்னது நல்லது" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் மணிக்கணக்காகக் கதைக்கிற குடும்பம் அது. ஆர் வீட்டில் ஆர் கார் வாங்கினது, எந்தப் பிள்ளை எந்த யூனிவேர்சிற்றி என்று எல்லாம் கதைப்பார்கள். இந்தப் பெண்களில் ஒருவர்கூட மற்றவரிடம் இதைச் சொன்னதில்லை.

நான் சிவநேசன் அண்ணையைப் பார்த்தேன். தம்பிமாருக்கு முன்னால் மானம் போய்விட்டது என்று கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பவானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீர் குளிருதெண்டு கீழ போறேல்லையோ?"

"குளிரோ? எனக்கோ?"

"நீர் எழும்பிப் போறது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில அறை குளிர்ந்துபோகும். இவவுக்குக் குளிர் தாங்காமல்தான் அடுப்படியில போய் இருக்கிறாவாக்கும் எண்டு நினைச்சன். அதுதான் கூட்டிக் கூட்டி வைச்சனான். அதுதான் திறமான சாமானாப் போடுவம் எண்டனான். கேட்டால் நீர் ஒண்டுமில்லை எண்டனீர்." அவர் தம்பிமாரின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். "பிறகு, என்னோட கோவமாக்கும், அதுதான் பக்கத்தில படுக்கப் பிடிக்கேல்லையாக்கும் எண்டும் நினைச்சன்."

குரல் உடைந்துபோயிற்று அவருக்கு. சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விசர் மனுசன்" என்று பவானி சொன்னார், சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோல்ஸில் மிளகாய் கூடிப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன். திரையில் இருந்த ஆண்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொயிலர் இன்றைக்கும் அதே அலுமாரிக்குள் ஓடுகிறது. அது சாகிற நாளில் ஹீட் பம்ப் போடுவோம் என்று பேச்சு. அறைக்கு அறை சூட்டைக் கூட்டிக் குறைக்க ரேடியேட்டர்களுக்கு வால்வு பூட்டினோம். பவானி அதே மருந்துக்கடையில்தான் நிற்கிறார், மருந்து மாறவில்லை. எங்கள் டைரக்டர் அந்த மாதம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேலை செய்த காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மாதம் அது.

சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு பொய்யோடு யாருடைய வீட்டுக்காவது போவீர்கள். போங்கள். ஆனால் வாயைத் திறக்க முதல் ஒரு மூச்சு பொறுத்துப் பாருங்கள். அன்றைக்கு நான் பொறுத்தது என் கெட்டித்தனம் அல்ல, பொய்யின் அடுத்த சொல் வரப் பிந்திவிட்டது. அந்த மூச்சுக்குள்தான் பவானி பேசினார்.

அந்த ஞாயிறு, அழுது முடித்துத் தேத்தண்ணியும் ஆறிப்போன பிறகு, ரொறன்ரோ மெல்லக் கேட்டார். "அப்ப அண்ணை, எந்த சிஸ்டம் போடுறதா முடிவு?"

"அவ சொல்லுவா" என்றார் சிவநேசன் அண்ணை. சொல்லிவிட்டு டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தார். நாலு நாட்டுக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

நான் பவானியின் பக்கம் திரும்பினேன். என் அழகான திட்டம் மனதில் இன்னும் மிச்சம் இருந்தது. "பின்னறையில ஒரு சின்ன ஏசி போடுவமோ? நீங்கள் அங்க தனியா, நிம்மதியாப் படுக்கலாம்" என்று கேட்டேன்.

"ஏன் பின்னறை?" என்றார் பவானி. "எங்கட அறையில போடுங்கோ."

"எனக்கு இன்னொரு போர்வை தந்தாச் சரி" என்றார் சிவநேசன் அண்ணை.

பவானி அதைக் காதில் வாங்காதவர்போல என் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "சத்தம் போடாத சாமானா ஒண்டு பாருங்கோ, அக்கா. நான் கட்டிலால எழும்புற சத்தத்துக்கே இவருக்கு நித்திரை குழம்பிப்போகுது."